சின்ன வீட்டுக்கு இரண்டு கதவு

1

நான் ஒரு சொல்லை விழுங்கியதால் பிறந்த கதை இது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் எங்காவது சொன்னால், திருப்பம் வைக்கிறேன் என்று நினைத்துக்கொள்வீர்கள். தொலைபேசியில் இரண்டு சொல் சொல்ல வேண்டிய இடத்தில் ஒன்றுதான் சொன்னேன். ஒன்பதாம் நாள் ரய்யா என்ற பெண்மணி தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு கணவன் வீட்டிலிருந்து கிளம்பிப் போய்விட்டார்.

விழுங்கிய சொல் ‘மஹ்மி’. காக்கப்பட்டது என்று அர்த்தம். இரும்புக் குழாயை வில்லாக வளைத்து, மேலே பிளாஸ்டிக் தாளும் வலையும் போட்டு, உள்ளே வெள்ளரியும் தக்காளியும் வளர்க்கிற கூடாரத்துக்கு இங்கே ‘பைத் மஹ்மி’ என்று பெயர். காக்கப்பட்ட வீடு. தமிழில் அதைப் பசுமைக்குடில் என்று எழுத வேண்டும். எழுதினால் வாசலில் ஒரு மான் வந்து நிற்கிறது. நாங்கள் இருக்கும் அரபுக் கடலோர ஊரான ஸஹமில் யாரும் குடில் என்று நினைப்பதில்லை. வீடு என்றே நினைக்கிறார்கள். அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

ஸஹம் கடைத்தெருவில் அப்பாவுக்கு விவசாயச் சாமான் கடை. விதை, சொட்டுநீர்க் குழாய், நிழல்வலை, மோட்டார். நான் கணக்குப் புத்தகத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, மதியம் ஆள் வராத நேரத்தில் மொழிபெயர்ப்பு நாவல்கள் படிப்பேன். அந்த நாவல்களிலும் பசுமைக்குடில் வரும். வெளியே பனி கொட்டும். கண்ணாடிக்குள்ளே, ஆரஞ்சுச் செடிக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்று கடிதம் படித்துக்கொண்டிருப்பாள். (என் கதையிலும் அப்படி ஒருத்தி நிற்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. நிற்கப்போகிறாள். பனியை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.)

2

தொடக்க வரிகள் மூன்று எழுதினேன். எதையும் அழிக்கவில்லை.

“மே மாதம் பிறந்ததும் ஸஹமில் கொத்தமல்லி உயிரை விட்டுவிடும்.” அப்பா படித்துவிட்டு, அது ஏப்ரலிலேயே போய்விடும் என்றார்.

“இருபத்தேழு வருடம் ராணுவ முகாமில் தண்ணீர் லாரி ஓட்டிய கல்ஃபான், தன் வீட்டுச் செடிக்கு ஒரு வாளி கூட…” இந்த வாக்கியம் என்னை அழவைக்கப் பார்த்தது. பாதியில் விட்டுவிட்டேன்.

“ஒரு வீடு எவ்வளவு சின்னதாக இருக்கலாம்?” இது நான் எழுதியது இல்லை. ஒரு பிப்ரவரி மாதக் காலையில் கல்ஃபான் கடைக்குள் வந்ததும் கேட்டது. அதனால் இதையே வைத்துக்கொள்கிறேன்.

“செல்வா, ஒரு வீடு எவ்வளவு சின்னதா இருக்கலாம்?”

அப்பா குழாய் அளந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை. “உள்ள யாரு இருக்கப் போறா?”

“வெள்ளரி.”

“எத்தன பேரு?”

“நாப்பது, அம்பது பேரு.”

“அப்ப உங்க வீட்டவிடப் பெருசா வேணும், கல்ஃபான். உங்க வீட்ல ரெண்டு பேருதான்.”

கல்ஃபான் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். ஒல்லியான மனிதர். ஐம்பத்தெட்டு வயது. ஓய்வு பெற்று வந்து ஒரு வருடம் ஆகிறது. தலையில் பூவேலை போட்ட கும்மா தொப்பி, அளவுகோல் வைத்த மாதிரி நேராக இருக்கும். ரய்யா தைத்தது. இங்கே கணவன் தலையில் இருப்பது பெரும்பாலும் மனைவியின் ஊசிதான். ஒரு தொப்பிக்கு மூன்று நான்கு மாதம் பிடிக்கும்.

“யாருக்கு அம்மி இந்த வீடு?” என்று நான் கேட்டேன்.*

“அவளுக்குத்தான். அடுப்படிக்குப் பின்னால ஒரு பாத்தி வச்சிருக்கா. எனக்கு அது தெரியவே தெரியாது, மகளே. நான் லீவுல வர்றது குளிர்காலத்துல. பச்சப்பசேல்னு இருக்கும். நான் பாட்டுக்கு முள்ளங்கியப் பிடுங்கித் தின்னுட்டுக் கிளம்பிடுவேன். போன வருஷம்தான் முதல் தடவையா மே மாசம் வீட்ல இருந்தேன். ஒரே வாரத்துல மொத்தமும் கருகிடுச்சு. அவ ஒண்ணும் பேசல. வேரோட பிடுங்கி ஆட்டுக்குப் போட்டா. இனிமே போடப் போறதில்லன்னா.”

“எத்தன வருஷமா போட்டுட்டு இருந்தாங்க?”

“அதத்தான் கேட்டேன். ‘நீங்க முகாமுக்குப் போனதுலேர்ந்து’ன்னா.”

அப்பா குழாயைக் கீழே வைத்தார்.

“முடியிற வரைக்கும் அவளுக்குத் தெரியக் கூடாது,” என்றார் கல்ஃபான். “மகளே, உனக்கும்தான் சொல்றேன். இந்தக் கடைல ரகசியம் தங்குமா?”

“எதுவுமே விக்காம எல்லாமே தங்குது,” என்றார் அப்பா. “ரகசியம் மட்டும் எங்க போயிடப் போகுது?”

* அரபியில் ‘அம்மி’ என்றால் சித்தப்பா. நான் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் எங்கள் அம்மா, “உரலையும் கூப்பிடு, ரெண்டு பேரும் சேர்ந்து வரட்டும்” என்பாள். ரய்யாவை நான் அரபியில் அழைப்பதற்கு நேர்த் தமிழ் ‘அத்தை’. அதையே போடுகிறேன். அத்தையும் அம்மியும் கணவன் மனைவி. முறையைப் பார்க்காமல் படித்துக்கொள்ளுங்கள்.

3

இந்தப் பகுதியைக் கட்டுரை மாதிரி எழுதியிருக்கிறேன். பொறுமை இல்லாதவர்கள் நாலாம் பகுதிக்குப் போகலாம். ஆனால் கதவைப் பற்றிய பத்தியைப் படித்துவிட்டுப் போங்கள். பின்னால் தேவைப்படும்.

குளிர் நாட்டில் பசுமைக்குடில் என்பது வெயிலைப் பிடித்து அடைத்துவைக்கும் பெட்டி. அதே பெட்டியை ஸஹமில் வைத்தால் மதியத்துக்குள் வெள்ளரி வெந்துவிடும். இங்கே வீடு கட்டுவது வெயிலிடமிருந்து ஒளிந்துகொள்ள. கல்ஃபான் முதலில் இடம் பார்த்தார். வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில், அவர் பங்குக்கு வந்த பேரீச்சைத் தோப்பின் மூலை. அங்கே ஒரு கிணறு உண்டு. கடல் உள்ளே வர வர அதில் உப்பு ஏறிக்கொண்டிருந்தது. பேரீச்சை அதைக் குடித்துவிடும், வெள்ளரி குடிக்காது. அதனால் நல்ல தண்ணீர் வாங்கி வந்து தொட்டியில் ஊற்ற வேண்டும். வாங்கிய தண்ணீர் ஒரு சொட்டு கூட வீணாகக் கூடாது. வீடு சின்னதானது அதனால்தான். கால் எட்டில் அளந்தால் அகலம் ஆறு, நீளம் பத்து.

குழாய்களை வளைத்து நட்டார். பிளாஸ்டிக் தாள் போர்த்தினார். அதற்கு மேலே ஒரு முழம் இடைவெளி விட்டு நிழல்வலை. அந்த இடைவெளியில் காற்று ஓடும், சூடு கீழே இறங்காது. ஒரு பக்கச் சுவருக்கு அப்பா கடையிலிருந்த காகிதப் பலகையை விற்கப் பார்த்தார். அதில் தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும், எதிர்ச் சுவரில் மின்விசிறி சூட்டை வெளியே இழுக்கும், ஈரத்தின் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும்.

“காகிதத்துலயா சுவரு?” என்றார் கல்ஃபான். மூன்று வாரம் தன் தோப்பு மரங்களிலிருந்து நார் உரித்தார். உடம்பு தேய்த்துக் குளிப்போமே, அதே பேரீச்சை நார். கோழிவலை இரண்டுக்கு நடுவில் அதை அடைத்து, மேலே துளை போட்ட குழாயைப் படுக்கவைத்தார். குழாயை அதிகம் துளைத்துவிட்டீர்கள் என்று அப்பா குறை சொன்னபோது, தன் தொப்பியைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். பூவேலைக்கு நடுவே ஊசிமுனை அளவுக்கு நூறு நூறு ஓட்டைகள்.

“இத எண்ணு பாப்போம். தலைக்குக் காத்து போகணும்னு அவ ஒவ்வொண்ணா போட்டது. ஓட்ட இருந்தாத்தான் குளுமை.”

இனி கதவு. ஒரு கதவு போதாது. வெள்ளை ஈ என்று ஒரு பூச்சி, எள்ளில் கால்வாசிகூட இருக்காது. ஒன்று நுழைந்தால் பதினைந்து நாளில் செடி போய்விடும். அதனால் வாசலில் ஒரு ஆள் மட்டும் நிற்கிற மாதிரி வலையால் ஒரு சின்ன அறை. வெளிக்கதவைத் திறந்து அதற்குள் நுழைய வேண்டும். அதைச் சாத்த வேண்டும். உடையில் ஒட்டிக்கொண்டு வந்ததை உதற வேண்டும். அதற்குப் பிறகுதான் உள்கதவைத் தள்ளலாம். இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்திருக்கவே கூடாது. இந்த விதியை அரபியில் ஒரு அட்டையில் நான்தான் எழுதிக் கொடுத்தேன். உள்கதவில் மாட்டியிருந்தார்.

(கதை எழுதுவதற்கும் இந்த விதி பொருந்தும் என்று ஒரு பத்தி எழுதினேன். அழகாகத்தான் இருந்தது. எடுத்துவிட்டேன்.)

4

மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மின்விசிறியும், ஆசாரி செய்த இரண்டு கதவுகளும் கடைக்கு வந்து சேர்ந்தன. கல்ஃபான் தன் மொபைலை எடுக்கவில்லை. வீட்டு எண்ணுக்கு அடித்தேன்.

“அத்தை, கடையிலேர்ந்து பேசுறேன். அம்மி இருக்காரா?”

“வெளிய போயிருக்கார். என்ன மகளே?”

“சாமான் வந்துடுச்சுன்னு சொல்லிடுங்க.”

“எதுக்குச் சாமான்?”

ஒன்றுமில்லை, மோட்டாருக்கு என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல வரவில்லை. உண்மையைச் சொன்னால் ரகசியம் போய்விடும். அதனால் உண்மையில் பாதியைச் சொன்னேன். பைத் மஹ்மியில் மஹ்மியை விழுங்கிவிட்டு, பைத்தை மட்டும் கொடுத்தேன்.

“வீட்டுக்கு, அத்தை.”

“எங்க வீட்டுக்கா?”

“இல்ல… அந்தச் சின்ன வீட்டுக்கு.”

தமிழ் வாசகர்கள் இந்த இடத்தில் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன். இருபத்து நாலு வயதுவரை வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த நான், சின்ன வீடு என்ற சொல்லைக் கூசாமல் ஒரு மனைவியிடம் சொன்னேன். அரபியில் சொன்னதால் எனக்கு உறைக்கவில்லை. அரபியிலும் அது அதேதான். இங்கே ஒருவன் இரண்டாவதாக மணமுடித்தால், கல்யாணம் செய்தான் என்று சொல்வதைவிட, ‘இன்னொரு வீடு திறந்தான்’ என்றுதான் சொல்வார்கள். மறைவாக ஒன்றும் இல்லை. சட்டப்படி, ஊரறிய. ஆனால் முதல் வீட்டுக்குப் பெரும்பாலும் கடைசியில்தான் தெரியும்.

மறுமுனையில் ஒரு மூச்சு கேட்டது. தகவல் குறைவாகப் போய்விட்டதோ என்று நினைத்து நான் சேர்த்தேன்:

“ரெண்டு கதவும் ரெடி, அத்தை.”

“நல்லது,” என்றார் ரய்யா. “சொல்லிடறேன்.”

நான் நாவலை விட்ட பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

5

இந்த இடத்தில்தான் எனக்கு ரய்யாவின் மேல் சந்தேகம். ஏன் அவர் கேட்கவில்லை? நேராக, “யாருக்கு வீடு கட்டுறீங்க?” என்று கேட்டிருந்தால் கதை அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும். கேட்கிற மாதிரி மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் அரைப் பக்கத்தில் முடிந்தது. வாசகர் நம்ப மாட்டார் என்று பயந்து, பிறகு ஒருநாள் அவரிடமே கேட்டேன்.

“கேட்டா பதில் சொல்லியிருப்பார்,” என்றார். “அவருக்குப் பொய் வராது. எனக்குப் பதில் வேண்டாம்னு இருந்துச்சு.”

அன்று மாலை கல்ஃபான் வீட்டுக்கு வந்ததும் ரய்யா, “கடையிலேர்ந்து கூப்பிட்டாங்க” என்று மட்டும் சொன்னார். அவ்வளவுதான், மனிதர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து ஓடினார். அந்த ஓட்டத்தை ரய்யா ஜன்னலிலிருந்து பார்த்தார். இருபத்தேழு வருடத்தில் முகாமிலிருந்து லீவில் வந்தபோதுகூட அவர் அப்படி ஓடி வந்ததில்லை.

அடுத்த நாட்கள் எல்லாமே சாட்சியாக மாறின. கல்ஃபான் சீட்டி அடித்தார். மாலையில் குளித்துவிட்டு வந்தது போலத் தலை ஈரமாக இருந்தது. (நார்ச்சுவரின் குழாயைச் சரிபார்த்த ஈரம்.) ஒருநாள் சோற்றில் மீனைப் பிசைந்துகொண்டே, “ரய்யா, காலை வெயில் நல்லதா, சாயங்கால வெயிலா? உனக்கு எது பிடிக்கும்?” என்றார்.

“யாருக்குக் கேக்குறீங்க?”

“சும்மாதான்.”

“காலை வெயில்,” என்றார் ரய்யா. வாசல் கிழக்கே பார்த்து வைக்கப்பட்டது.

ரய்யா இதைப் பக்கத்து வீட்டு ஷைகாவிடம் மட்டும் சொன்னார். ஷைகா சிரித்த சிரிப்பில் சுவரின் மேல் இருந்த பூனை ஓடியது.

“கல்ஃபானா? ஏண்டி, அந்த ஆளு செருப்பு வாங்கவே ரெண்டு வருஷம் யோசிப்பாரே!”

“வீடு கட்டுறார், ஷைகா. ரெண்டு கதவாம்.”

“ரெண்டு கதவா? வந்தவ ஒண்ணுல வந்து இன்னொண்ணுல ஓடிப் போறதுக்கா?”

“சிரிக்காத.”

“சிரிக்காம? உன் சமையலச் சாப்பிட்ட வாய்க்கு இன்னொருத்தி சமையல் இறங்குமா? ரெண்டு மாசத்துல திரும்பி வந்து உன் வாசல்ல நிப்பாரு. அப்ப நீ கதவத் திறக்காத. ஒரு கதவும் திறக்காத.”

ரய்யா சிரிக்கவில்லை. அவர் கையில் பாதி தைத்த கும்மா இருந்தது. அன்றோடு அதில் ஊசி நின்றது.

6

ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை காலை. ரய்யா சோஹாரில் இருக்கும் தம்பி ஹுமைதுக்குச் சொல்லி அனுப்பினார். தம்பியின் கார் வந்தது. துணிப்பை, தையல் பை. சண்டை இல்லை, சத்தம் இல்லை. மனம் கோணிய பெண் பிறந்த வீட்டு ஆண்பிள்ளையிடம் போய் இருப்பது இங்கே வழக்கம். கணவன் போய் அழைத்து வர வேண்டும். வரவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்.

அன்றுதான் கல்ஃபான் நாற்றுகளை நட்டு முடித்தார். நாற்பத்தெட்டு வெள்ளரி. மதியம் அழைத்து வந்து காட்டலாம் என்று வீட்டுக்குப் போனால், ரய்யா இல்லை. நேரே கடைக்கு வந்தார்.

“ரய்யா போயிட்டா, செல்வா. எதுக்குன்னே தெரியல. ஷைகா என்னப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிறா. ‘புது வீட்டுக்குப் போங்க, இங்க என்ன வேல’ங்கிறா. எந்தப் புது வீடு?”

என் கையில் இருந்த நாவல் மூடிக்கொண்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொன்னேன். ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

கல்ஃபான் சிரித்தார். முட்டியைத் தட்டித் தட்டி, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். “எனக்கா! இன்னொருத்தியா! செல்வா, கேட்டியா?” அப்பாவும் சிரித்தார். நானும் சிரிக்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவர் நின்றுவிட்டார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“அவ நம்பிட்டாளா?” என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீ சொன்னது ஒரு வார்த்த, மகளே. அதுல உன் தப்பு கொஞ்சம்தான். மிச்சத்த அவளே நம்பியிருக்கா. ஒம்போது நாளு. அதே பாயில, அதே தட்டுல.”

அப்பா அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். குடிக்காமல் வைத்திருந்தார்.

7

அன்று பிற்பகலே ரய்யாவுக்குத் தொலைபேசி செய்தேன். இந்த உரையாடலை நான் அலங்கரிக்கவில்லை. எழுதியதில் இது ஒன்றுதான் திருத்தம் இல்லாமல் நிற்கிறது.

“அத்தை, நான் ஒரு வார்த்தைய விட்டுட்டேன். மஹ்மி. அது பைத் மஹ்மி. வெள்ளரி போடற வீடு. உங்களுக்குத்தான். உங்க பாத்தி கருகிடுச்சுன்னு.”

அவருக்குப் பின்னால் ஹுமைதின் குழந்தைகள் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

“வெள்ளரியா?”

“ஆமா அத்தை. நாப்பத்தெட்டு.”

“காலை வெயில் கேட்டது அதுக்கா?”

“ஆமா.”

“சரி மகளே,” என்றார். கோபம் இல்லாத குரல். “ஆனா ஒம்போது நாளு ஆயிடுச்சே. அந்த வீட்ல ஒருத்தி இருந்தாளே, அவள நான் என்ன பண்றது?”

“யாரு அத்தை? யாருமே இல்ல.”

“இருக்கா. லிவா ஊர்க்காரி. புருஷன் இல்லாதவ. நல்ல உசரம். முன்பல்லு ஒண்ணு உடஞ்சிருக்கும், அதனால சிரிக்கிறப்ப கையால வாய மூடிக்குவா. பேரு ஸலாமா. ரொட்டி என்னைவிட நல்லா சுடுவா. முதல் ரெண்டு நாளு அவளத் திட்டுனேன். அப்புறம் பாவமா இருந்துச்சு. அந்த ஆளுக்கு மீன்ல புளி தூக்கலா இருக்கணும்னு அவளுக்கு யாரு சொல்லுவா? பாதி தச்ச தொப்பிய அவகிட்டயே குடுத்துடலாம்னு இருந்தேன், மிச்சத்த அவ தைக்கட்டும்னு. இப்ப நீ வந்து அவ இல்லைங்கிற. ஒம்போது நாளு கூட இருந்தவள நான் எங்க அனுப்புறது?”

நான் படித்த நாவல்களில் எழுத்தாளர்கள் பாத்திரங்களை ஒரு வரியில் அனுப்பிவிடுவார்கள். ரயிலில் ஏற்றுவார்கள், காய்ச்சல் வரவைப்பார்கள். நான் ஸலாமாவுக்குக் காய்ச்சல் வரவைக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவளை எழுதியது நான் இல்லை. நான் ஒரு வீட்டை மட்டும் காலியாகக் கொடுத்தேன். ஆளை வைத்தது ரய்யா.

வெள்ளி மாலை கல்ஃபான் சோஹார் போனார். ஹுமைத் மரியாதையாக உட்காரவைத்துக் காபி ஊற்றினார். போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும், இல்லையென்றால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். கல்ஃபான் ஆட்ட மறந்துவிட்டார். பதினொரு கோப்பை குடித்தார். கேட்க வந்ததை மைத்துனன் முன்னால் கேட்கவும் முடியவில்லை.

கடைசியில் ரய்யாவே கூடத்துக்கு வந்து கோப்பையை அவர் கையிலிருந்து வாங்கினார்.

“போதும். ராத்திரி தூக்கம் வராது உங்களுக்கு.”

“வீட்டுக்கு வா, ரய்யா.”

“எந்த வீட்டுக்கு?”

கல்ஃபான் எழுந்து நின்றார்.

“நீங்க போங்க. நான் ஒருநாள் வந்து பாக்குறேன். பாத்துட்டுச் சொல்றேன்.”

8

முடிவுகள். மாதிரிக்கு மூன்று.

(அ) ரய்யா வருகிறார். வெள்ளரியைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரிக்கிறார். கல்ஃபானும் சிரிக்கிறார். ஷைகா மூன்று வீட்டுக்குக் கேட்கச் சிரிக்கிறாள். ஊரில் எல்லோருக்கும் பிடித்த முடிவு இதுதான். கடைக்கு வருகிறவர்கள் இப்படித்தான் சொல்லிவிட்டுப் போகிறார்கள். இதில் எனக்கு ஒரே ஒரு குறை. ஸலாமா எங்கே?

(ஆ) ரய்யா வரவில்லை. கல்ஃபான் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துகிறார். ஏப்ரல் கடைசியில் நார்ச்சுவர் காய்ந்து… இதை எழுதத் தொடங்கிய அன்று அப்பா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, “வெள்ளரி என்ன பாவம் பண்ணுச்சு?” என்றார். நிறுத்திவிட்டேன்.

(இ) ரய்யா வந்து, பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, தம்பியின் காரில் திரும்பிப் போகிறார். கோபத்தில் இல்லை. தம்பி வீட்டு மாடியில் ஒரு அறை, கடல் தெரிகிறது, முதல் நாள் இரவே நன்றாகத் தூங்கினார். இருபத்தேழு வருடம் தனியாக இருந்தவருக்குத் தனியாக இருக்கத் தெரியும். இந்த முடிவை எழுதியபோது என் கை வேகமாக ஓடியது. அதனாலேயே இதை நான் நம்பவில்லை.

9

நான் கண்ணால் பார்த்தது இது.

அடுத்த திங்கட்கிழமை, மணி பன்னிரண்டு. தொட்டி நிறைந்தால் தானாக நின்றுவிடும் மிதவை ஒன்றை அப்பா கொடுத்தனுப்பியிருந்தார். அதை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனேன். கல்ஃபான் இல்லை. நல்ல தண்ணீர் வாங்கப் போனவர், அங்கே வரிசையில் நிற்பதாகச் செய்தி அனுப்பியிருந்தார். வெளித்தொட்டி காலி. நார்ச்சுவர் காய்ந்து சூடான நாரின் வாசம் அடித்தது. விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. வலை வழியாகப் பார்த்தேன். நாற்றுகள் தலையைத் தொங்கப்போட்டிருந்தன. அவசரத்துக்கு நிரப்பி வைத்திருக்கும் மாற்றுத் தொட்டியின் குழாய் உள்ளே, நார்ச்சுவருக்கு அடியில் இருந்தது. கதவை நோக்கி நான் நகர்ந்தபோது கார் வந்து நின்றது.

ஹுமைத் இறங்கவில்லை. ரய்யா இறங்கினார். தையல் பை தோளில் இருந்தது. என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் பேச வாயெடுத்தேன். கையைக் காட்டினார், வேண்டாம் என்பது போல.

வெளிக்கதவைத் திறந்து வலை அறைக்குள் போனார். சாத்தினார். அந்த அறையில் ஒருவர்தான் நிற்க முடியும் என்று முன்பே சொன்னேன். நான் வெளியே நின்றேன். உள்கதவில் என் அட்டை. அவர் அதைப் படித்தார். நிறுத்தி நிதானமாக, இரண்டு முறை படித்தார். இத்தனை நாவல்கள் படித்து, கண்ணாடி வீட்டில் கடிதம் படிக்கும் பெண்ணை எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். அவர் கடைசியில் படித்தது என் கையெழுத்து: முதல் கதவைச் சாத்து. உடையை உதறு. பிறகு அடுத்ததைத் திற.

மேலே போட்டிருந்த கறுப்பு அங்கியின், அபாயாவின், ஓரத்தைப் பிடித்து உதறினார். ஒருமுறை. மறுபடியும். என்ன விழுந்தது என்று எனக்குத் தெரியவில்லை. வெள்ளை ஈ அத்தனை சின்னது.

பிறகு, உள்கதவில் கை வைத்தபடி, பக்கத்தில் நிற்கும் யாரிடமோ சொல்வது போல மெதுவாக ஏதோ சொன்னார். விசிறி இரைச்சலில் நடுவில் ஒரு சொல் எனக்குக் கேட்கவில்லை. கேட்டவரை எழுதுகிறேன்.

“நீ ………… இரு, ஸலாமா.”

வெளியே என்று இருக்கலாம். அப்படியானால் உடைந்த பல்லுள்ள அந்த லிவாக்காரியைப் பேரீச்சை மரத்தடியில் நிற்கவைத்துவிட்டு ரய்யா கதவைத் தள்ளியிருப்பார், குழாயைத் திறந்திருப்பார். உள்ளே என்றும் இருக்கலாம். அப்படியானால் வீட்டை அவளிடம் கொடுத்துவிட்டு, ஹுமைதின் காரை நோக்கித் திரும்பியிருப்பார்.

பொய் சொல்ல மாட்டேன். அதற்குப் பின் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அங்கேதான் நின்றிருந்தேன், ஸஹமும் சின்ன ஊர். ஆனால் அந்த வீட்டைப் பற்றி எனக்கு உரிமையில்லாததை ஏற்கனவே ஒருமுறை பேசிவிட்டேன். அப்போது ஒரு சொல்லை விழுங்கினேன். இப்போது ஒரு சொல்லைச் சேர்க்க மாட்டேன். புள்ளி வைத்த இடம் உங்களுடையது. நாற்றுகள் வாடிக்கொண்டிருக்கின்றன, ரொம்ப யோசிக்காதீர்கள்.

வெளிக்கதவு சரியாகச் சாத்தியிருந்தது. அதை மட்டும் நான் உறுதியாகச் சொல்வேன்.